தண்ணீரை வேலை வாங்கிய வக்கீல்!

ஆம்ஸ்ட்ராங் என்று சொன்னதுமே உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்? நிலவில் முதன்முதலாகக் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் தானே? அவர் பிறப்பதற்கு ஏறக்குறைய 120 ஆண்டுகளுக்கு முன்பே பிறந்து, உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்த இன்னொரு ஆம்ஸ்ட்ராங் இருந்தார். அவர் தான் வில்லியம் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங். இங்கிலாந்துக்காரர்.

படித்தது சட்டம். பார்த்தது வக்கீல் வேலை. ஆனால், உருவாக்கியதோ பளு தூக்கும் கிரேன், பாலம், பீரங்கி, கப்பல் என்று எல்லாவற்றையும் தயாரித்த மாபெரும் இன்ஜினியரிங் கம்பெனி! அது எப்படி நடந்தது? வாருங்கள் குட்டீஸ், அவருடைய கதையைப் பார்ப்போம்.

மாடிப்படியே ஆய்வுக்கூடம்

இங்கிலாந்தின் வடக்கே, டைன் நதிக்கரையில் இருக்கும் ஊர் நியூகாசில். நிலக்கரிக்குப் பெயர் போன ஊர். 1810ம் ஆண்டு நவம்பர் 26ம் தேதி அங்கே பிறந்தார் ஆம்ஸ்ட்ராங். அப்பா தானிய வியாபாரி. பிற்காலத்தில் அந்த ஊருக்கே மேயர் ஆனவர். வீட்டில் ஆம்ஸ்ட்ராங்குக்கு ஒரே ஒரு அக்கா.

சிறு வயதில் ஆம்ஸ்ட்ராங் மிகவும் நோஞ்சான். குளிர்காலம் வந்தால் போதும். இருமல், சளி என்று படுத்து விடுவார். மற்ற பிள்ளைகள் தெருவில் ஓடி விளையாடும்போது, இவர் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும். அதற்காக அவர் அழுது கொண்டு உட்காரவில்லை. வீட்டில் கிடந்த பழைய ராட்டைகளை எடுத்தார். அவற்றில் கயிற்றைக் கட்டி, கயிற்றின் நுனியில் எடைகளைத் தொங்க விட்டார். மாடிப்படியின் மேலே இருந்து எடை கீழே இறங்க இறங்க, ராட்டை சுற்றியது. எடை கீழே இறங்கினால் ஒரு வேலை நடக்கும் என்ற பாடத்தை, அந்த மாடிப்படியிலேயே கற்றுக் கொண்டார். இந்தப் பாடம் பின்னாளில் அவருக்கு எவ்வளவு பெரிய உதவியைச் செய்தது என்பதைச் சற்றுப் பொறுத்துப் பாருங்கள்.

கோடை விடுமுறை வந்தால் ராத்பரி என்ற கிராமத்துக்குப் போவார்கள். அங்கே காக்கெட் என்ற சின்ன நதி ஓடுகிறது. அதில் மீன் பிடிப்பது தான் ஆம்ஸ்ட்ராங்கின் பொழுதுபோக்கு. மணிக்கணக்கில் தண்ணீரையே பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருப்பார். மீன் மீது இருந்த ஆசை, மெல்ல மெல்லத் தண்ணீர் மீதும் வந்து விட்டது.

கோர்ட்டா, பட்டறையா?

பள்ளிப் படிப்பின் கடைசிக் காலத்தை பிஷப் ஆக்லாந்து என்ற ஊரில் கழித்தார் ஆம்ஸ்ட்ராங். அந்த ஊரில் ராம்ஷா என்பவர் ஒரு இன்ஜினியரிங் பட்டறை நடத்தி வந்தார். பள்ளி விட்டதும் ஆம்ஸ்ட்ராங் அங்கே போய் நிற்பார். அந்தப் பட்டறைக்காரரின் மகள் மார்கரெட்டைத் தான் பின்னாளில், 1835ல் திருமணம் செய்து கொண்டார்.

மகனுக்கு இயந்திரங்கள் மீது இருந்த ஆசை அப்பாவுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும், மகன் வக்கீலாக வேண்டும் என்பது அவர் விருப்பம். அவருடைய நெருங்கிய நண்பர் ஆர்மரர் டான்கின், ஊரிலேயே பெயர் பெற்ற வக்கீல். அவருக்குக் குழந்தைகள் இல்லை. ஆம்ஸ்ட்ராங்கைத் தன் பிள்ளை போலவே நினைத்தார். அவரிடம் ஆம்ஸ்ட்ராங் வேலைக்குச் சேர்ந்தார். லண்டனுக்குப் போய்ச் சட்டம் படித்தார். திரும்பி வந்து, டான்கினுக்குப் பங்குதாரராகவே ஆகி விட்டார். அப்பாவின் பேச்சைத் தட்டாமல், ஏறக்குறைய 11 ஆண்டுகள் வக்கீலாக இருந்தார்.

பகலில் வழக்குக் கட்டுகள். மற்ற நேரத்தில் இயந்திரக் கணக்குகள். இப்படியே அவருடைய நாட்கள் ஓடின.

ஒரு சக்கரம் சொன்ன சேதி

1835ம் ஆண்டு வாக்கில், டென்ட்டேல் என்ற மலைப்பகுதிக்கு மீன் பிடிக்கப் போனார் ஆம்ஸ்ட்ராங். அங்கே ஒரு பளிங்குக் கல் பட்டறை. மலையில் இருந்து விழும் தண்ணீர் ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்ற, அந்தச் சக்கரம் பட்டறையை இயக்கிக் கொண்டிருந்தது.

யாராக இருந்தாலும் ரசித்து விட்டுப் போயிருப்பார்கள். ஆம்ஸ்ட்ராங் கணக்குப் போட்டார். தண்ணீர் எவ்வளவு உயரத்தில் இருந்து வருகிறது, எவ்வளவு தண்ணீர் வருகிறது, சக்கரம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தார். அந்தத் தண்ணீரின் சக்தியில் 20ல் ஒரு பங்கைத் தான் சக்கரம் பயன்படுத்துகிறது என்று தெரிந்தது. மீதி 19 பங்கும் வீண்!

இது அவர் மனதைக் குடைய ஆரம்பித்தது. தண்ணீரைத் திறந்த வெளியில் விழ விடாமல், குழாய்க்குள் அடைத்துக் கொண்டு வந்தால் என்ன?

உங்கள் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? மாடிக் குழாயைத் திறந்தால் தண்ணீர் மெதுவாக வரும். கீழ்த்தளத்தில் இருக்கும் குழாயைத் திறந்தால் பீய்ச்சி அடிக்கும். தொட்டியின் உயரம் கூடக் கூட, கீழே அழுத்தமும் கூடும். அந்த அழுத்தத்தை வைத்தே இயந்திரத்தை ஓட்டலாம் என்பது தான் ஆம்ஸ்ட்ராங்கின் யோசனை.

நீரால் சுழலும் ஒரு இன்ஜினை வடிவமைத்து, செய்து காட்டினார். யாரும் கண்டு கொள்ளவில்லை. எல்லாருக்கும் நீராவி இன்ஜின் மோகம். தண்ணீரையா நம்புவது என்று இருந்து விட்டனர். ஆம்ஸ்ட்ராங் தன் யோசனையைத் தூக்கிப் போடவில்லை. பத்திரமாக மனதில் வைத்துக் கொண்டார்.

ஷாக் அடித்த நீராவி

நடுவில் ஒரு வேடிக்கை நடந்தது. 1840ல், நியூகாசில் பக்கத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில், கொதிகலனில் ஓட்டை விழுந்து நீராவி கசிந்தது. அங்கே வேலை பார்த்தவர் ஒரு கையை நீராவியில் வைத்தபடி, மறு கையால் இரும்பைத் தொட்டதும், சுரீரென்று ஷாக் அடித்தது. நீராவியில் ஏது மின்சாரம் என்று எல்லாரும் திகைத்தனர்.

செய்தி கேட்டு ஆம்ஸ்ட்ராங் விரைந்து வந்தார். ஆராய்ந்தார். பிறகு தானே ஒரு கொதிகலனைச் செய்து, அதைக் கண்ணாடிக் கால்கள் மீது நிறுத்தினார். கண்ணாடி வழியாக மின்சாரம் தரைக்குப் போகாது அல்லவா? நீராவியைப் பீய்ச்சி விட்டபோது, அதில் இருந்து பெரிய பெரிய மின்பொறிகள் பறந்தன. அதைப் பார்க்க நியூகாசிலில் கூடிய கூட்டத்தில் வாசல் வழியாக நுழைய முடியாமல், ஆம்ஸ்ட்ராங்கே ஜன்னல் வழியாகத் தான் அரங்கத்துக்குள் போனாராம்!

இந்த ஆராய்ச்சியால், 1846ல் புகழ் பெற்ற ராயல் சொசைட்டியில் உறுப்பினராக அவரைச் சேர்த்துக் கொண்டனர். அப்போதும் அவர் வக்கீல் தான்.

ஹைட்ராலிக் ஜாக்

1845ல் நியூகாசில் மக்களுக்கு ஒரு நல்ல காலம் பிறந்தது. தொலைவில் இருக்கும் நீர்த்தேக்கத்தில் இருந்து குழாய் வழியாகக் குடிநீர் கொண்டு வரும் திட்டம் துவங்கியது. அதில் ஆம்ஸ்ட்ராங்குக்கும் பங்கு உண்டு. நியூகாசில் மேடும் பள்ளமுமான ஊர். மேட்டில் இருந்து பள்ளமான ஆற்றங்கரைக்கு வரும் குழாயில் தண்ணீரின் அழுத்தம் மிக அதிகமாக இருந்தது.

பத்து ஆண்டுகளாக மனதில் வைத்திருந்த யோசனையை ஆம்ஸ்ட்ராங் இப்போது வெளியே எடுத்தார். ஆற்றங்கரையில் கப்பலில் இருந்து சரக்கு இறக்கும் கிரேனை, இந்தத் தண்ணீர் அழுத்தத்தால் ஓட்டிக் காட்டுகிறேன் என்று நகராட்சியிடம் கேட்டார். அனுமதி கிடைத்தது.

அந்தக் கிரேன் எப்படி வேலை செய்தது தெரியுமா? ஒரு இரும்பு சிலிண்டர். அதற்குள் ஒரு பிஸ்டன். வால்வைத் திறந்தால் குழாய்த் தண்ணீர் சிலிண்டருக்குள் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டனுடன் சேர்ந்து கப்பிகள் நகரும். அந்தக் கப்பிகளில் சங்கிலி பல சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். அதனால், பிஸ்டன் ஒரு அடி நகர்ந்தால் கொக்கி பல அடி மேலே ஏறும். எத்தனையோ ஆட்கள் மூச்சு வாங்கச் சுற்றித் தூக்கிய சுமையை, ஒருவர் ஒரு கைப்பிடியைத் திருப்பியே தூக்கி விடலாம்.

சோதனை பெரிய வெற்றி! மேலும் மூன்று கிரேன்கள் வைக்கப்பட்டன. அந்தக் கிரேனை ஓட்டியவர் பலே கெட்டிக்காரர். சுமையை வேகமாக இறக்கி, தரையைத் தொடும் நொடியில் சட்டென்று நிறுத்திக் காட்டுவார். அவருக்கு ஹைட்ராலிக் ஜாக் என்றே பட்டப்பெயர் வந்து விட்டது. லிவர்பூல் துறைமுகத்தின் தலைமைப் பொறியாளர் ஹார்ட்லி, இதையெல்லாம் நம்பாமல் நேரில் வந்து பார்த்தார். ஜாக் காட்டிய வித்தைகளைப் பார்த்து அசந்து போனார். லிவர்பூலில் இருந்தும் ஆர்டர் வந்தது.

1847ல் ஆம்ஸ்ட்ராங் ஒரு முடிவுக்கு வந்தார். வக்கீல் தொழிலுக்குக் கும்பிடு போட்டார். அப்போது அவருக்கு வயது 36. தன்னைச் சட்டம் படிக்க வைத்த டான்கின் கோபித்துக் கொள்வாரோ என்று பயந்திருக்கலாம். ஆனால் டான்கினே பணம் போட்டு உதவினார்! வேறு சில நண்பர்களும் சேர்ந்தனர். டைன் நதிக்கரையில் எல்ஸ்விக் என்ற இடத்தில் ஐந்தரை ஏக்கர் நிலத்தை வாங்கித் தொழிற்சாலை துவங்கினர். 1852ல் மட்டும் 75 கிரேன்கள் அங்கிருந்து போயின.

மாடிப்படி விளையாட்டு கை கொடுத்தது

கிரேன் ஓட அழுத்தம் வேண்டும். அழுத்தத்துக்கு உயரமான தொட்டி வேண்டும். கிரிம்ஸ்பி துறைமுகத்தில், இதற்காகவே 94 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டினர். 1852ல் கட்டிய அந்தக் கோபுரம் இன்றும் நிற்கிறது.

நியூ ஹாலந்து என்ற இடத்தில் சிக்கல் வந்தது. அது ஹம்பர் ஆற்றின் முகத்துவாரம். மணல் பூமி. கோபுரம் கட்டினால் புதைந்து விடும். என்ன செய்வது?

அந்த மாடிப்படி ராட்டை நினைவிருக்கிறதா? உயரத்தில் தண்ணீரை வைப்பதற்குப் பதிலாக, தண்ணீரின் தலையில் எடையை வைத்தால் என்ன என்று யோசித்தார் ஆம்ஸ்ட்ராங். ஒரு பெரிய இரும்பு சிலிண்டர் செய்தார். அதன் பிஸ்டன் மீது டன் கணக்கில் எடையை ஏற்றினார். நீராவி பம்பு, சிலிண்டருக்குள் தண்ணீரைச் செலுத்தும். எடை மெதுவாக மேலே ஏறும். கிரேனுக்குத் தேவைப்படும்போது எடை கீழே இறங்கித் தண்ணீரை அழுத்தித் தள்ளும். அவ்வளவு தான்!

இப்படி, சதுர அங்குலத்துக்கு 600 பவுண்டு அழுத்தம் கிடைத்தது. இதே அழுத்தத்தைத் தொட்டியால் பெற வேண்டுமானால், 400 மீட்டருக்கும் மேல் உயரமான கோபுரம் கட்ட வேண்டும். இதன் பிறகு, மேடு இல்லாத ஊரிலும் நீர் அழுத்த இயந்திரங்கள் ஓடின. துறைமுகக் கதவுகள், பாலங்கள், ரயில் நிலையங்கள் என்று எங்கும் ஆம்ஸ்ட்ராங்கின் இயந்திரங்கள் தான்.

பீரங்கி வந்த கதை

1854ல் கிரிமியாப் போர் நடந்து கொண்டிருந்தது. கனமான பீரங்கிகளை இழுத்துச் செல்ல முடியாமல் பிரிட்டிஷ் வீரர்கள் பட்ட பாட்டைப் பத்திரிகையில் படித்தார் ஆம்ஸ்ட்ராங். எடை குறைவான, குறி தவறாத பீரங்கி ஒன்றைச் செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றியது.

அதுவரை பீரங்கி என்றால் வழவழப்பான ஒரு குழாய். முன்பக்கம் வழியாக உருண்டைக் குண்டைப் போட வேண்டும். ஆம்ஸ்ட்ராங்கின் பீரங்கியில் குண்டைப் பின்பக்கம் வழியாகப் போடலாம். குழாயின் உட்புறம் சுருள் சுருளாகப் பள்ளங்கள். அவை குண்டைச் சுழல வைத்து அனுப்பும். பம்பரம் சுற்றும் வரை சாயாமல் நிற்கும் அல்லவா? அதே போல, சுழன்று போகும் குண்டும் தடுமாறாமல் நேராகப் போகும்.

1859ல் அரசு இந்தப் பீரங்கியை ஏற்றுக் கொண்டது. காப்புரிமையை வைத்து அவர் கோடி கோடியாகச் சம்பாதித்திருக்கலாம். ஆனால், ஒரு காசு வாங்காமல் உரிமையை நாட்டுக்கே கொடுத்து விட்டார். அரசு அவருக்கு சர் பட்டம் கொடுத்தது. சில ஆண்டுகளில், இந்தப் பீரங்கிகளில் குறை இருக்கிறது என்று சொல்லி, அரசு மீண்டும் பழைய வகைக்கே திரும்பியது. எல்ஸ்விக்குக்கு ஆர்டர்கள் நின்றன. தொழிற்சாலையைக் காப்பாற்ற, அதன் பிறகு ஆம்ஸ்ட்ராங் வெளிநாடுகளுக்கு பீரங்கிகளை விற்க ஆரம்பித்தார்.

இங்கே தான் கதையில் ஒரு முள் இருக்கிறது மாணவர்களே. கேட்டவர்களுக்கெல்லாம் ஆயுதம் விற்றது அந்தக் கம்பெனி. சீனாவும் அங்கே போர்க்கப்பல் வாங்கியது, ஜப்பானும் வாங்கியது. 1894ல் அந்த இரு நாடுகளும் யாலு என்ற இடத்தில் கடலில் மோதிக் கொண்டன. சீனாவின் ஜியுவான் கப்பலும், ஜப்பானின் யோஷினோ கப்பலும் எதிர் எதிரே நின்றன. இரண்டுமே எல்ஸ்விக்கில் பிறந்தவை! அந்தப் போரில் ஜியுவான், தன் மாலுமிகளோடு மூழ்கியது.

ஆயுதத்தைச் செய்வது பொறியாளரின் வேலை. அதை நல்லதற்குப் பயன்படுத்துவதும் கெட்டதற்குப் பயன்படுத்துவதும் வாங்குபவர் பொறுப்பு என்பது ஆம்ஸ்ட்ராங்கின் எண்ணம். அவர் நினைத்தது சரியா, தவறா? அன்றும் இதைப் பற்றி வாதம் நடந்தது. இன்றும் நடக்கிறது. உங்கள் வகுப்பிலும் பேசிப் பாருங்களேன்!

திரும்பும் பாலம், திறக்கும் பாலம்

நியூகாசிலில் டைன் நதியின் குறுக்கே தாழ்வான கல் பாலம் ஒன்று இருந்தது. பெரிய கப்பல்கள் அதைத் தாண்டி எல்ஸ்விக் பக்கம் வர முடியாது. அதை இடித்து விட்டு, புதிய பாலம் அமைத்தனர். அதன் இயந்திரங்கள் ஆம்ஸ்ட்ராங் கம்பெனியுடையவை. நடுவில் உள்ள 281 அடி நீளப் பகுதி, அப்படியே கடிகார முள் போலத் திரும்பி, இரு பக்கமும் கப்பலுக்கு வழி விட்டது. திருப்பியது எது? தண்ணீர் தான்! 1876ல் அந்தப் பாலத்தைக் கடந்த முதல் கப்பல், எல்ஸ்விக்கில் 100 டன் பீரங்கியை ஏற்றிப் போக வந்த இத்தாலிக் கப்பல்.

லண்டனின் டவர் பிரிட்ஜைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கும் பாலம். 1894ல் திறந்த அந்தப் பாலத்தைத் தூக்கும் நீர் அழுத்த இயந்திரங்களையும், மேலே சொன்ன எடை ஏற்றிய சிலிண்டர்களையும் செய்து கொடுத்ததும் ஆம்ஸ்ட்ராங் கம்பெனி தான்.

சார்லஸ் மிட்செல் என்ற கப்பல் கட்டுபவருடன் சேர்ந்து, கப்பல் தொழிலிலும் கம்பெனி இறங்கியது. 1886ல் கட்டிய குளூக்காஃப் கப்பலைத் தான், இன்றைய எண்ணெய்க் கப்பல்களுக்கெல்லாம் முன்னோடி என்று சொல்கின்றனர். அதற்கு முன் எண்ணெயைப் பீப்பாயில் அடைத்து ஏற்றுவார்கள். இந்தக் கப்பலில் கப்பலின் உடம்பே தொட்டி! 1898ல் ரஷ்யாவுக்காகக் கட்டிய யெர்மாக், வட துருவக் கடலில் கனத்த பனிப்பாறைகள் மீது ஏறி, அவற்றை நொறுக்கிக் கொண்டு போனது. 60 ஆண்டுகளுக்கும் மேல் அது உழைத்தது.

ஒன்பது மணி நேரம்

சின்னப் பட்டறை இப்போது பல ஆயிரம் பேர் வேலை செய்யும் இடமாகி விட்டது. 1871ல் தொழிலாளர்கள் ஒரு கோரிக்கை வைத்தனர். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், அதாவது வாரத்துக்கு 54 மணி நேரம் மட்டுமே வேலை செய்வோம் என்றனர். ஆம்ஸ்ட்ராங்கும் மற்ற முதலாளிகளும் மறுத்தனர். வேலை நிறுத்தம் துவங்கியது. வெளிநாடுகளில் இருந்தெல்லாம் ஆட்களை வரவழைத்துப் பார்த்தனர். தொழிலாளர்கள் அசையவில்லை. வருமானம் இல்லாமல் ஐந்து மாதம் தாக்குப் பிடித்தனர். கடைசியில் முதலாளிகள் இறங்கி வந்தனர். ஒன்பது மணி நேர வேலை கிடைத்தது.

இயந்திரங்களின் சக்தி வீணாகக் கூடாது என்று கணக்குப் போட்ட ஆம்ஸ்ட்ராங், மனிதர்களுக்கும் ஓய்வு வேண்டும் என்பதைத் தொழிலாளர்களிடம் இருந்து தான் கற்றுக் கொள்ள வேண்டி இருந்தது.

ஆற்றில் இருந்து வெளிச்சம்

சிறு வயதில் மீன் பிடித்த ராத்பரியை ஆம்ஸ்ட்ராங் மறக்கவே இல்லை. 1863ல் அங்கே நிலம் வாங்கி, கிரேக்சைட் என்ற வீட்டைக் கட்டத் துவங்கினார். மொட்டைப் பாறையாக இருந்த அந்த மலைச்சரிவில், 70 லட்சத்துக்கும் மேற்பட்ட மரம், செடிகளை நட்டதாகச் சொல்கின்றனர். ஓடைகளை மறித்து ஏரிகள் உண்டாக்கினார்.

அந்தத் தண்ணீர் வீட்டில் என்னென்ன வேலை செய்தது தெரியுமா? லிப்ட்டை ஏற்றி இறக்கியது. சமையலறையில் இறைச்சி சுடும் கம்பியைச் சுற்றியது. அதோடு நிற்கவில்லை. 1878ல் ஏரித் தண்ணீரைக் கொண்டு ஒரு டைனமோவை ஓட்டி, வீட்டில் மின்விளக்கை எரிய வைத்தார். நீர் மின்சாரத்தால் வெளிச்சம் பெற்ற உலகின் முதல் வீடு அது!

1880ல், தன் நண்பர் ஜோசப் ஸ்வான் கண்டுபிடித்த பல்புகளையும் பொருத்தினார். நூலகத்தில் அழகான ஜாடிகள் மீது பல்புகள் இருந்தன. ஜாடியைப் பாதரசம் உள்ள இடத்தில் வைத்தால் விளக்கு எரியும். தூக்கினால் அணைந்து விடும். சுவிட்ச் எல்லாம் பரவாத காலம் அது. இந்த அதிசயத்தைப் பார்க்க இங்கிலாந்து இளவரசர், பாரசீக மன்னர், சயாம் மன்னர் என்று பலர் தேடி வந்தனர். விருந்தாளிகளில் சிலர் பீரங்கியும் கப்பலும் வாங்க வந்தவர்கள் என்பது வேறு விஷயம்!

நிலக்கரி தீர்ந்து விட்டால்?

1863ல் நியூகாசிலில் பெரிய அறிவியல் மாநாடு ஒன்று நடந்தது. தலைமை தாங்கியவர் ஆம்ஸ்ட்ராங். நிலக்கரியால் வாழும் ஊரில் நின்று கொண்டு, இங்கிலாந்தின் நிலக்கரி இன்னும் 200 ஆண்டுகள் தான் வரும் என்று எச்சரித்தார். நிலக்கரியை வீணாக எரிப்பதைக் கண்டித்தார். ஓடும் தண்ணீரையும், சூரிய வெப்பத்தையும் மனிதன் பயன்படுத்தக் கற்க வேண்டும் என்பது அவர் கருத்து. வெப்ப மண்டலத்தில் ஒரு ஏக்கர் நிலத்தில் விழும் சூரிய வெப்பம், ஆயிரக்கணக்கான குதிரைகளின் சக்திக்குச் சமம் என்றும் கணக்குச் சொன்னார். இன்று நம் ஊர் மொட்டை மாடிகளில் சூரியத் தகடுகளைப் பார்க்கிறோமே, அதைப் பற்றி வெகு காலத்துக்கு முன்பே கனவு கண்டவர் அவர்.

ஊருக்குக் கொடுத்தது

ஆம்ஸ்ட்ராங், மார்கரெட் தம்பதிக்குக் குழந்தைகள் இல்லை. சம்பாதித்ததில் பெரும் பங்கை ஊருக்கே கொடுத்தனர். நியூகாசிலில் தங்கள் வீட்டை ஒட்டி ஆசை ஆசையாக வளர்த்த ஜெஸ்மண்ட் டீன் என்ற அழகிய பூங்காவை மக்களுக்கு அளித்தனர். இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் கட்டப் பணம் கொடுத்தனர். 1871ல் துவங்கிய அறிவியல் கல்லூரிக்கு ஆம்ஸ்ட்ராங் துணை நின்றார். பின்னாளில் ஆம்ஸ்ட்ராங் கல்லூரி என்று பெயர் பெற்ற அது தான், வளர்ந்து இன்றைய நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியானது.

1887ல் பிரபு பட்டம் கிடைத்தது. பொறியாளர் ஒருவருக்கு அந்தக் கவுரவம் கிடைத்தது அது தான் முதல் முறை. 1893ல் மார்கரெட் காலமானார். அந்தத் துயரத்திலும் ஆம்ஸ்ட்ராங் சும்மா இருக்கவில்லை. கடற்கரையில் இடிந்து கிடந்த பாம்பரோ கோட்டையை வாங்கிப் புதுப்பித்தார். மின்சாரத்தைப் பற்றி மீண்டும் ஆராய்ச்சி செய்து, 1897ல், 86 வயதில் ஒரு புத்தகம் வெளியிட்டார்!

1900ம் ஆண்டு டிசம்பர் 27ம் தேதி, கிரேக்சைட் வீட்டிலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 90. நோஞ்சான் பையன் இவ்வளவு காலம் வாழ்வான் என்று யார் நினைத்திருப்பார்கள்? காக்கெட் நதி ஓடும் ராத்பரியிலேயே அவரை அடக்கம் செய்தனர்.

கம்பெனி என்ன ஆனது?

1897ல், போட்டியாளராக இருந்த ஜோசப் விட்வொர்த்தின் கம்பெனியும் இதனுடன் சேர்ந்ததால், ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் என்ற பெயர் வந்தது. ஆம்ஸ்ட்ராங்குக்குப் பிறகு அது கார் செய்தது, விமானம் செய்தது, ஆகாயக் கப்பல் செய்தது, முதல் உலகப் போர் முடிந்ததும் ரயில் இன்ஜின்களும் செய்தது. கடல் கடந்து நியூபவுண்ட்லாந்தில் காகித ஆலை கூடக் கட்டியது. அதில் பெரும் நஷ்டம் வந்தது. 1927ல் விக்கர்ஸ் கம்பெனியுடன் இணைந்து, விக்கர்ஸ்-ஆம்ஸ்ட்ராங்ஸ் ஆனது. 1977ல், அதன் கப்பல், விமானத் தொழில்கள் எல்லாம் அரசுடைமை ஆகின.

கம்பெனி இப்போது இல்லை. ஆனால் ஜே.சி.பி., மண்ணைத் தோண்டும்போது அதன் பளபளக்கும் தண்டுகளைக் கவனியுங்கள். தண்ணீருக்குப் பதில் எண்ணெய்; மற்றபடி, சிலிண்டருக்குள் அழுத்தம் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும் அதே தத்துவம் தான். மீன் பிடிக்கப் போன இடத்தில், வீணாகும் தண்ணீரைப் பார்த்து ஒரு வக்கீல் கவலைப்பட்டதன் பலன் அது. நீங்களும் எதையாவது பார்க்கும்போது, இதில் வீணாவது என்ன என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். யார் கண்டது, அடுத்த கண்டுபிடிப்பு உங்களுடையதாக இருக்கலாம்!

தெரியுமா உங்களுக்கு?

* ரஷ்யாவின் பைக்கால் ஏரியில் ரயிலையே ஏற்றிச் செல்லும் கப்பல் ஒன்று தேவைப்பட்டது. கடலில் இருந்து அந்த ஏரிக்குக் கப்பல் போக வழியில்லை. அதனால், ஆம்ஸ்ட்ராங் கம்பெனி கப்பலைச் செய்து, பகுதி பகுதியாகப் பிரித்து அனுப்பியது. ஏரிக்கரையில் அவற்றைப் பொருத்தி, 1899ல் மிதக்க விட்டனர்.

* கிரேக்சைட் வீடு 1977 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. 2014ல், நீர் மின்சாரம் எடுக்க அங்கே புதிதாகத் திருகு வடிவ இயந்திரம் ஒன்றைப் பொருத்தினர்.